முழு மதிப்பெண் குற்றம்

ஒரு கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியதற்காக விசாரணைக்கு வா என்றால் யாருக்கும் முதலில் சிரிப்புதான் வரும். பிரேக் சாருக்கும் வந்தது. அவர் மனைவி போனை வைத்துவிட்டு, "சிரிக்கிற விஷயமில்ல, பாப்பா சர்டிபிகேட்டை நிறுத்தி வச்சிருக்காங்களாம்" என்று சொன்ன பிறகுதான் அது நின்றது.

பிரேக் சார் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். புதிதாகப் பழகுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடாத குறையாக ஓட்டுவார். பக்கத்து இருக்கையில் இவர் இருப்பார், காலடியில் இவருக்கென்று தனியாக ஒரு பிரேக். பெயர் அப்படி வந்தது. இத்தனை வருஷம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்ததில் இரண்டு பழக்கங்கள் அவரிடம் ஒட்டிக்கொண்டன. பயம் வந்தால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். கூடவே உதடு, "கண்ணாடி பாரு, கிளட்ச் மிதி, கியர் போடு" என்று முணுமுணுக்கும். முதல் பழக்கத்தால் யாருக்கும் தொந்தரவில்லை. இரண்டாவது அன்றைக்கு அவரை மாட்டிவிட்டது.

மகளுக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அசல் சான்றிதழை அன்று மாலை ஐந்து மணிக்குள் நேரில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இடம் அடுத்துக் காத்திருக்கும் பெண்ணுக்குப் போய்விடும். அந்தப் பெண்ணின் அப்பாவும் கல்லூரி வாசலில்தான் உட்கார்ந்திருப்பார் என்று பிரேக் சாருக்குத் தெரியும். அவராக இருந்தால் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். ஆனால் சான்றிதழோ உருப்போடல் ஒழிப்பு ஆணையத்தின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது.

இப்படி ஓர் ஆணையம் எதற்கு என்று கேட்கலாம். பிள்ளைகள் புரியாமல் உருப்போட்டே தேறிவிடுகிறார்கள் என்ற கவலை ஒரு நாள் யாருக்கோ வந்தது. நியாயமான கவலைதான். நியாயமான கவலைக்கு ஒரு கட்டடம் கட்டி, அதற்கு ஒரு தலைவரை வைத்து, தலைவருக்கு ஒரு காரும் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. எதிரியை மாணவர்கள் அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆணையம் எல்லாத் தேர்விலும் ஒரு கேள்வியைக் கட்டாயமாக்கியது: 'உருப்போடுதல் என்ற சொல்லின் பொருளையும் தோற்றத்தையும் விளக்குக.' பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரே ஒரு வாக்கியம் உண்டு. அதை எழுத்து மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண். எழுத்து மாறினால் பூஜ்யம். எழுத்து மாறாமல் எழுதியவர்கள் உருப்போட்டவர்கள் என்று ஆணையம் பிடிக்கும். எல்லாரையும் பிடிக்க இடம் போதாததால் குலுக்கிப் போட்டுப் பிடிப்பார்கள்.

காலையில் பயிற்சி வண்டியிலேயே மகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வழியில் கேட்டார்.

"அப்படி என்னதான் பாப்பா அந்தக் கேள்வி?"

"உருப்போடறதுன்னா என்னன்னு கேட்டாங்கப்பா."

"அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?"

"இருக்குப்பா. உருன்னா ஒரு பக்கம் வடிவம். இன்னொரு பக்கம், ஜெபம் பண்றவங்க எத்தனை தடவை சொன்னாங்கங்கிற கணக்குக்கும் உருன்னுதான் பேரு. எனக்கு என்ன தோணுதுன்னா, ரெண்டும் ஒண்ணுதான். ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருந்தா அது உள்ளுக்குள்ள ஒரு வடிவம் புடிச்சிடுது. அப்புறம் இருட்டுல கை வச்சாக்கூட அது அங்க இருக்கும். நம்ம வீட்டு சுவிட்ச் மாதிரி. அது தப்பில்ல. உள்ள போனது என்னன்னு கடைசி வரைக்கும் பாக்காம விடறதுதான் தப்பு."

பிரேக் சார் ஒரு கணம் ரோட்டை விட்டு மகளைப் பார்த்தார். தான் பெற்ற பிள்ளைதானா என்று பெருமையாக இருந்தது. "இதையே எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றார்.

"எழுதியிருந்தா பூஜ்யம்ப்பா. சீட்டே கிடைச்சிருக்காது."

ஆணையத்தின் கூடம் பெரியது. சுவர் முழுக்கப் 'புரிந்து படி' என்று ஒரே வாசகம், ஒரே எழுத்தில், தூணுக்குத் தூண். பெஞ்சுகளில் பெற்றோரும் பிள்ளைகளும் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏன் என்று உடனே தெரிந்தது. விசாரணைக்குக் காத்திருக்கும்போது யாராவது பதிலை உருப்போடுகிறார்களா என்று கண்காணிக்க ஓர் அலுவலர் இருந்தார். உதட்டு மேற்பார்வையாளர் என்பது அவர் பதவி. வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு வாயாகப் பார்ப்பார். வெற்றிலை, மிட்டாய், கொட்டாவி எதற்கும் விலக்கு இல்லை.

கூடத்தைப் பார்த்ததும் பிரேக் சாரின் கால் தரையை அழுத்தியது. உதடு ஆரம்பித்துவிட்டது.

"சார், நீங்க. என்ன சொல்லிட்டிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. கண்ணாடி பாரு, கிளட்ச் மிதி..."

"எத்தனை தடவை சொன்னீங்க?"

"எண்ணலைங்க. பழக்கம்."

மேற்பார்வையாளர் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து அவருக்குக் கேஸ் எதுவும் சிக்கவில்லை போலிருக்கிறது. "குடும்பத்துலயே இருக்கு" என்று குறித்துக்கொண்டார். மகள் அப்பாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். அதற்குப் பிறகு பிரேக் சார் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

மதியம் தாண்டித்தான் கூப்பிட்டார்கள். உள்ளே விசாரணை நடத்தும் சோதகர் அம்மாள் இருந்தார். பதற்றமே இல்லாத முகம், பக்கத்தில் ஒரு பிளாஸ்க். மகளை எதிரே உட்காரவைத்து, அப்பாவைச் சுவரோரமாக நிற்கவைத்தார்.

"நீ தேர்வுல எழுதின பதிலை இப்பச் சொல்லும்மா."

மகள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். "சொன்னா என்னாகும் மேடம்?"

"எழுத்து மாறாமச் சொன்னா உருப்போட்டிருக்கேன்னு அர்த்தம். சான்றிதழ் ரத்து."

"சொல்ல வரலைன்னா?"

"அப்ப எழுதும்போது எப்படி வந்துச்சு? பாத்து எழுதியிருக்கே. அதுக்கு ரத்தோட சேத்து மூணு வருஷத் தடை."

இதைச் சொல்லும்போது அந்த அம்மாள் குரலில் கோபம் இல்லை. காய்கறிக்காரர் விலை சொல்வதுபோலச் சொன்னார். பிரேக் சாருக்குத் தலை சுற்றியது. குறுகலான பாதையில் இரண்டு பக்கமும் லாரி வந்தாலாவது ஓரமாக ஒதுங்க ஒரு இடம் இருக்கும்.

"என் சொந்த வார்த்தையில சொல்லலாமா மேடம்?" என்று மகள் கேட்டாள்.

"சொல்லேன்."

மகள் சொன்னாள். காலையில் வண்டியில் சொன்னதையே, இன்னும் நிதானமாக. வடிவம், ஜெபக் கணக்கு, இருட்டில் சுவிட்ச், உள்ளே போனதைப் பார்க்காமல் விடுவது. நடுவில் ஓர் இடத்தில் தானே யோசித்து ஒரு வார்த்தையை மாற்றிக்கொண்டாள். சோதகர் அம்மாள் விரலால் விடைக்குறிப்பைத் தொட்டுக்கொண்டே கேட்டார். முடிந்ததும் பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்தார்.

"நல்லா சொல்றே. நீ உருப்போடலைன்னு தெளிவாயிடுச்சு. குற்றமில்லை."

பிரேக் சாருக்கு உயிர் வந்தது. "அப்ப சான்றிதழ்..."

"இருங்க. இவ இப்பச் சொன்னதுல ஒரு வரிகூட விடைக்குறிப்புல இல்ல. அதனால இந்தக் கேள்விக்குப் பூஜ்யம். மொத்த மதிப்பெண் குறையும். திருத்தின சான்றிதழ் தருவேன். அதை வச்சு அந்தக் காலேஜ்ல சீட் கிடைக்காது."

"மேடம், புரிஞ்சு சொல்லியிருக்கா."

"அதைத்தானே நானும் சொல்றேன். புரிஞ்சிருக்கு, ஆனா பதில் தெரியல."

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவர்க் கடிகாரம் மூன்றைத் தாண்டியிருந்தது. பிரேக் சாருக்கு அழுகை வந்தது. மகள் முன்னால் அழக்கூடாது என்று விறைத்துக்கொண்டு, "பெரியவர் யாரையாவது பாக்கணுங்க" என்றார்.

தலைவரைப் பார்ப்பது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. அன்றைக்குச் சொற்பொழிவு கேட்க வேறு ஆள் கிடைக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது. தலைவர் பெரிய மேஜைக்குப் பின்னால் எழுந்து நின்றே பேசினார். இரண்டு உதவியாளர்கள் கதவோரம் நின்றார்கள்.

"நண்பர்களே," என்றார் தலைவர், எதிரே இருந்தது இரண்டே பேர் என்றாலும். "கிளி பேசும், ஆனால் கிளிக்குப் பொருள் தெரியுமா? தெரியாது. நம் பிள்ளைகள் கிளிகளா? இல்லை, இல்லை, இல்லை." மூன்றாவது 'இல்லை'க்கு மேஜையில் தட்டினார். தட்டுவதற்கு ஒரு நொடி முன்பே உதவியாளர் ஒருவர் மேஜை மேலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டதை மகள் கவனித்தாள். இன்னொருவரின் உதடுகள் தலைவரோடு சேர்ந்தே அசைந்தன. உதட்டு மேற்பார்வையாளருக்கு இந்த அறைக்குள் வர அனுமதி இல்லை.

"இந்த உரையை நான் இருநூறு மேடைகளில் ஆற்றியிருக்கிறேன். ஒரு எழுத்து மாறியதில்லை. கொள்கையில் உறுதி வேண்டும். உருப்போடுதல் என்றால் என்ன? உருப்போடுதலாவது, பொருள் உணராமல் ஒன்றைப் பன்முறை ஓதி நினைவில் நிறுத்துதல்; பன்முறை ஓதலைக் குறிக்கும் உரு என்னும் சொல்லின் அடியாகப் பிறந்தது."

மகளால் பொறுக்க முடியவில்லை. "சார், இதைத்தான் நான் எழுதினேன். நீங்களும் எழுத்து மாறாமச் சொல்றீங்களே."

பிரேக் சாரின் கால் தரைவிரிப்பை அழுத்து அழுத்தென்று அழுத்தியது. தலைவர் கோபப்படவில்லை. விவரம் தெரியாத குழந்தையைப் பார்ப்பதுபோல் புன்னகைத்தார்.

"மாணவர் சொன்னால் அது உருப்போடல் அம்மா. அலுவலர் சொன்னால் அனுபவம்."

"இந்த வாக்கியத்தை எழுதினது நீங்களா சார்?"

"நான் எதற்கு எழுத வேண்டும்? எனக்கு முன்னால் இருந்தவர் எனக்குச் சொன்னார். அவருக்கு, அவருக்கும் முன்னால் இருந்தவர் சொன்னார். யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. அப்படிப்பட்ட வாக்கியம் அது."

பிரேக் சார் கையைக் கூப்பினார். "சார், அஞ்சு மணிக்குள்ள சர்டிபிகேட் வேணும். என்ன சொன்னாலும் செய்யறோம்."

இந்தக் கடைசி வார்த்தை தலைவருக்குப் பிடித்தது. திருந்தியோர் சலுகை என்று ஒன்று இருக்கிறதாம். பழைய சான்றிதழே, பழைய மதிப்பெண்ணோடு கிடைக்கும். இரண்டே நிபந்தனை. ஒன்று, காப்பாளர் உறுதிமொழி சொல்ல வேண்டும். தாளைப் பார்க்கக் கூடாது, ஒரு சொல் விடக் கூடாது. இரண்டு, மாணவி தன் சொந்த வார்த்தைகளைத் திரும்பப் பெற வேண்டும்.

"சொன்ன வார்த்தையை எப்படிங்க திரும்ப வாங்கறது?" என்று பிரேக் சார் கேட்டார்.

"ஒரே கேள்விக்கு இரண்டு பதில் இருந்தால் கோப்பு மூடாது. சோதகர் முன்னால் உட்கார்ந்து விடைக்குறிப்பில் இருப்பதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நடுநடுவே, விளக்கு என்று கேட்பார். அப்போதும் அதுவே வர வேண்டும். சொந்த வார்த்தை ஒன்று தலைகாட்டினாலும் மறுபடி முதலிலிருந்து. வேறு எதுவும் வராது என்று சோதகருக்குத் திருப்தி ஏற்பட்டால் முடிந்தது. இதற்கு நிலைப்படுத்தல் என்று பெயர்."

"இதுக்குப் பேருதானே சார் உருப்போ..." என்று மகள் ஆரம்பித்தாள். பிரேக் சார் அவள் தோளைப் பிடித்தார். பிடி கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்துவிட்டது. அவள் நிறுத்திக்கொண்டாள்.

மகள் சோதகர் அறைக்குள் போனாள். கதவு சாத்தப்பட்டது. பிரேக் சார் கூடத்து பெஞ்சில் உறுதிமொழித் தாளோடு உட்கார்ந்தார். 'யாதொன்றையும் பொருளுணராது மீண்டும் மீண்டும் ஓதி மனத்திற் கொள்ளேன் எனவும், என் பொறுப்பிலுள்ளாரையும் அவ்வாறு கொள்ள விடேன் எனவும், முழு உணர்வுடன் இதனால் உறுதி கூறுகிறேன்.' பள்ளிக்கூடம் விட்டு அவர் படித்ததெல்லாம் போக்குவரத்துப் பலகைகள்தான். முதல் வரியிலேயே நாக்குச் சுளுக்கிக்கொண்டது. வாய்விட்டு நாலு முறை சொன்னால் ஏறிவிடும். வாய்விட்டுச் சொல்ல முடியாது. உதட்டு மேற்பார்வையாளர் எதிரேயே நின்றார், இவர் வாயையே பார்த்துக்கொண்டு.

சொல்லாமல் எப்படி ஏற்றுவது? கண்ணால் பார்த்தார். தாளைக் கவிழ்த்தார். ஒன்றுமில்லை. மறுபடி பார்த்தார். 'கொள்ளேன்' வந்தால் 'விடேன்' ஓடிவிட்டது, 'விடேன்' வந்தால் 'எனவும்' காணோம். கதவுக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது.

"உருப்போடுதலாவது, பொருள் உணராமல் ஒன்றைப் பன்முறை ஓதி..."

"விளக்கு."

"அது உள்ளுக்குள்ள ஒரு வடிவம்..."

"முதல்லேருந்து."

"உருப்போடுதலாவது..."

கடைசியில் வழி காட்டியது கால்தான். உதட்டைத்தானே பார்க்கிறார், காலைப் பார்க்கவில்லையே. பிரேக் சார் இடது காலை மெல்ல மிதித்து 'யாதொன்றையும்' என்று நினைத்தார். வலது காலை மிதித்து 'பொருளுணராது'. கையை முட்டியருகே கியர்போல நகர்த்தி 'மீண்டும் மீண்டும் ஓதி'. வண்டி நகர்ந்தது. வளைவில் 'கொள்ளேன் எனவும்'. மேட்டில் கியரைக் குறைத்து 'என் பொறுப்பிலுள்ளாரையும்'. மேற்பார்வையாளர் கீழே குனிந்து பார்த்தார். "கால் மரத்துப்போச்சுங்க" என்றார் பிரேக் சார். கால்களை மேற்பார்க்க அவருக்கு ஆணை இல்லை.

உள்ளே மகளின் குரல் ஒரு கட்டத்தில் மாறியது. ஆரம்பத்தில் அவள் வாக்கியத்தைப் படிக்கிறவள்போலச் சொன்னாள். பிறகு கோபத்தோடு சொன்னாள். ஒருமுறை "வீட்டு சுவிட்ச்" என்று நழுவி, முதலிலிருந்து ஆரம்பித்து, குரல் உடைந்தது. அப்போது பிரேக் சார் எழுந்து கதவருகே போனார். கைப்பிடியில் கை வைத்தார். திறந்து, வா போகலாம் என்று சொல்லிவிட அவருக்கு எவ்வளவோ ஆசை இருந்தது. கல்லூரி வாசலில் உட்கார்ந்திருக்கும் அந்த இன்னொரு அப்பா நினைவுக்கு வந்தார். கையை எடுத்துவிட்டு பெஞ்சுக்குத் திரும்பினார்.

அதன் பிறகு குரலில் ஒன்றுமே இல்லை. விளக்கு என்றாலும் அதே, சொல் என்றாலும் அதே. ஒரே வேகம், ஒரே இடத்தில் மூச்சு. சோதகர் அம்மாள் கதவைத் திறந்து, "நல்லா நிலைப்பட்டுட்டா" என்று திருப்தியாகச் சொன்னபோது நாலரை ஆகியிருந்தது.

பிரேக் சார் தலைவர் முன்னால் நின்று உறுதிமொழி சொன்னார். மேஜைக்குக் கீழே கால்கள் மிதித்துக்கொண்டே இருந்தன. 'விடேன் எனவும்' என்ற இடத்தில் ஒரு நொடி வண்டி நின்றது. உதவியாளர் நிமிர்ந்து பார்த்தார். பிரேக் சார் கியரை மாற்றி, 'முழு உணர்வுடன் இதனால் உறுதி கூறுகிறேன்' என்று கொண்டுபோய் நிறுத்தினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அருமை" என்றார் தலைவர். "சொன்னது புரிந்ததல்லவா?"

"இல்லீங்க சார்."

உதவியாளர்கள் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "பரவாயில்லை. அது நிபந்தனையில் இல்லை."

கல்லூரி இரண்டு தெரு தள்ளித்தான். பிறருக்குச் சொல்லிக்கொடுத்த விதி ஒன்றையும் மதிக்காமல் பிரேக் சார் வண்டியை ஓட்டினார். அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தவர் மகளின் மூச்சிரைப்பைப் பார்த்து மறுபடி திறந்தார். சான்றிதழை வாங்கினார்கள், முத்திரை குத்தினார்கள், இடம் உறுதி என்றார்கள். படியில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, தன் மகளோடு மெதுவாகத் தெருவில் இறங்கிப் போனார். பிரேக் சார் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வண்டியில் ஏறியதும் மனைவிக்குப் போன் செய்து கிடைச்சிடுச்சு என்றார். மறுமுனையில் அழுகையும் சிரிப்புமாகக் கேட்டது. மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை.

"சந்தோஷம்தானே பாப்பா?"

"ம்."

சிக்னலில் சிவப்பு. வண்டி நின்றது. அவளைக் கொஞ்சம் பேசவைத்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

"காலைல எனக்கு ஒண்ணு சொன்னியே, அந்த வார்த்தையைப் பத்தி. அவங்களுக்குத்தான் அதோட அருமை தெரியல. எனக்கு இன்னொரு தடவை சொல்லு."

மகள் திரும்பினாள். முகம் லேசாகத் தெளிந்தது. "அது வந்துப்பா, உருப்போடுதலாவது, பொருள் உணராமல் ஒன்றைப் பன்முறை ஓதி..." நிறுத்தினாள். "இல்ல. இருங்க." கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. "பொருள் உணராமல் ஒன்றைப் பன்முறை..." மறுபடி நிறுத்தி, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி விடு, களைப்பு. தூங்கி எழுந்தா வந்துடும்" என்றார் பிரேக் சார். அவருக்குப் பயமாக இருந்தது, சின்ன வயதில் அவள் காய்ச்சலில் கிடந்தபோது வந்த அதே பயம். அவளுக்கு எடுத்துக்கொடுக்கலாம் என்று அவரும் தேடிப்பார்த்தார். யாதொன்றையும் பொருளுணராது என்று கால்தான் முதலில் ஆரம்பித்தது. அதைத் தள்ளிவிட்டுத் தேடியதில் ஒரே ஒரு துண்டு கிடைத்தது.

"இருட்டுல கை வச்சாக்கூட அது அங்க இருக்கும்னு சொன்னே. நம்ம வீட்டு சுவிட்ச் மாதிரின்னு."

மகள் வாயிலிருந்து கையை எடுத்தாள். யாரோ தெரியாதவர் சொன்னதைக் கேட்பதுபோல அவரைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கே. நானா சொன்னேன்?"

பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கினார்கள். பிரேக் சாரின் கால் பிரேக்கிலிருந்து எழவில்லை.